ஞாயிறு முதல் வியாழன் வரை

ஒரு குடும்பத்தைத் திருகோணமலைக்கு அழைப்பதென்று முடிவானதும் நான் முதலில் விசாரிப்பது தகப்பனின் தொழிலை. பிள்ளைக்கு என்ன நோய், எந்த மருந்து ஓடுகிறது என்பதெல்லாம் டொக்டரின் கடிதத்தில் வந்துவிடும். தகப்பன் தோட்டத்தில் செக்ரோல் பெயரில் இருக்கிறாரா, கிண்ணியாவில் வள்ளத்துக்குப் போகிறவரா, ஓட்டோ ஓடுகிறவரா, கடையில் சம்பளத்துக்கு நிற்கிறவரா என்பது எந்தக் கடிதத்திலும் வராது. அது தெரியாமல் திகதி குறித்தால் அவர் வரமாட்டார். நாட்கூலிக்காரர் ஐந்து நாள் வேலையை விட்டால் அடுத்த கிளினிக்குக்குக் கொழும்பு போகப் பஸ் காசு இருக்காது. மனைவியையும் பிள்ளைகளையும் அனுப்பிவிட்டுத் தான் வீட்டில் நின்றுவிடுவார். அதனால் எங்கள் குழு அந்த ஐந்து நாள் கூலியையும் பயணச் செலவோடு சேர்த்தே எழுதுகிறது. "சுற்றுலா போறவருக்குக் கூலியும் குடுக்கிறதோ?" என்று ஆரம்பத்தில் கேட்ட நன்கொடையாளர்களுக்கு நான் சொன்ன பதில் ஒன்றுதான்: தகப்பன் இல்லாமல் வருகிற குடும்பம் வாட்டில் எப்படி இருந்ததோ அப்படியேதான் கடற்கரையிலும் இருக்கும்.

எங்கள் நாட்டில் அரச வைத்தியசாலையில் வைத்தியத்துக்குக் காசு இல்லை. கட்டில், இரத்தம், சத்திரசிகிச்சை, புற்றுநோய் மருந்து எல்லாம் இலவசம். அது எவ்வளவு பெரிய கொடை என்பதை அயல்நாட்டுத் தாதிமாரோடு பேசும்போது உணர்ந்திருக்கிறேன். ஆனால் குடும்பம் பிரிந்து கிடப்பதற்கு அந்த இலவசத்தில் மருந்து இல்லை. தாய் மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலையில் பிள்ளையின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பாள். தகப்பன் ஊரில் உழைப்பார். மூத்தது அம்மம்மா வீட்டில், கடைக்குட்டி சித்தி வீட்டில். பிள்ளைகளுக்கு அதிகம் வருகிற இரத்தப் புற்றுநோய் வகைக்குச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டு வரை போகும். அவ்வளவு காலமும் இந்த ஐந்து பேரும் ஒரே நேரத்தில் ஒரே பானைச் சோற்றைச் சாப்பிட்டிருக்கமாட்டார்கள். தாய்க்கும் தகப்பனுக்கும் இடையில் நடக்கும் பேச்செல்லாம் போனில்: கவுண்ட் எத்தனை, காய்ச்சல் விட்டதா, காசு வந்ததா. நாங்கள் செய்கிற வேலை, அவர்களை ஐந்து நாளைக்கு ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்து விடுவது. கடல் அதற்கு ஒரு நல்ல சாட்டு.

நான் தாதியாக வேலைக்குச் சேர்ந்தது 1988இல். திருமலையில் பிறந்த எனக்கு உத்தியோக வாழ்வின் பெரும்பகுதி கொழும்புப் பக்கத்துச் சிறுவர் வாட்டுகளில் கழிந்தது. யுத்த காலத்தில் எங்கள் ஊரிலிருந்து ஒரு பிள்ளையைக் கொழும்புக்குக் கொண்டுவருவதே தனிக் கதை. மூதூரிலிருந்து கொட்டியாரக் குடாவைத் தாண்ட லோஞ்சுக்குக் காத்திருக்கவேண்டும். கிண்ணியாத் துறையில் மிதவைப் பாதையில் ஏறி இக்கரைக்கு வரவேண்டும். பிறகு ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் பையையும் மருந்தையும் திறந்து காட்டவேண்டும். நான்கைந்து நாள் பிந்தி வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்நாளில் திருகோணமலைக்கு ஓய்வெடுக்க ஒரு குடும்பத்தைக் கூட்டிவருவதென்பது நினைக்கவே முடியாத காரியம். கரையோரம் முட்கம்பி, மீன்பிடிக்கு நேரக் கட்டுப்பாடு, நிலாவெளியில் உடைந்த ஹோட்டல்கள். போதாததற்கு 2004 டிசம்பர் 26 வந்தது.

யுத்தம் முடிந்த அடுத்த வருடம், வாட்டில் பதுளைப் பக்கத் தோட்டத்துத் தாய் ஒருத்தி கேட்டாள்: "மிஸ், உங்க ஊர்ல கடல் இருக்காமே? எம் மகன் கடல டீவியில மட்டுந்தான் பாத்திருக்கான்." அவளும் பார்த்ததில்லை என்பது பேச்சோடு பேச்சாகத் தெரிந்தது. கொழும்பிலும் கடல் இருக்கிறது. மகரகமையிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான். ஆனால் கிளினிக்குக்கு வருகிறவர்களுக்குக் கொழும்பு என்றால் ஊசியும் வரிசையும்தான். அந்தப் பயலுக்கு வாரம் ஒரு முறையும் தினமும் வாயால் எடுக்கிற மருந்து மட்டும் மிஞ்சியிருந்த கட்டம். டொக்டரிடம் கேட்டேன். அவர் ஒரு கடிதம் எழுதித் தந்தார். உப்புவெளியில் கெஸ்ட் ஹவுஸ் வைத்திருந்த என் ஒன்றுவிட்ட அண்ணர் அறை தந்தார். குழு, வங்கிக் கணக்கு, கூட்டம் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

கிழக்குக் கடல் சித்திரை தொட்டுப் புரட்டாதி வரைக்கும் அமைதி. ஐப்பசியில் வாடைக்காற்று தொடங்கினால் தை வரைக்கும் பிள்ளைகளை இறக்க முடியாது. இது கடலின் நாட்காட்டி. பிள்ளையின் உடம்புக்கு வேறொரு நாட்காட்டி. கீமோ ஏற்றி ஒரு கிழமை, பத்து நாளில் வெள்ளணு அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த நேரத்தில் வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது. தலசீமியாப் பிள்ளைக்கு மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றவேண்டும். ஏற்றிய முதல் கிழமையில் ஓடித் திரியும், நான்காம் கிழமையில் படியேறவே களைக்கும். மூன்றாவது நாட்காட்டி பள்ளிக்கூடத்தினுடையது. மற்றப் பிள்ளைகளை மறிக்காமல் கூட்டிவர ஏப்ரல், ஓகஸ்ட் விடுமுறை வேண்டும். இந்த மூன்றும் சேர்கிற நாளில்தான் ஹோட்டல்காரருக்கும் சீசன். வெள்ளைக்காரர் நிலாவெளிக்கு வருவதும் அதே மாதங்களில்தான்.

இலவசமாக அறை தாருங்கள் என்று கேட்டால் முகத்துக்காக ஓம் என்பார்கள்; ஆள் வந்தால் கடைசி நேரத்தில் அறையை மாற்றுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கு உழைப்பு ஆண்டில் ஐந்தாறு மாதம். எங்கள் அண்ணர்தான் வழி சொன்னார்: "தங்கச்சி, கொழும்புச் சனம் வெள்ளி பின்னேரம் வந்து ஞாயிறு மத்தியானம் போயிடும். இடையில அறை சும்மா கிடக்கும். அதைக் கேள்." அன்றிலிருந்து எங்கள் பயணம் ஞாயிறு பின்னேரம் தொடங்கி வியாழன் முடியும். போயா வரும் கிழமையைத் தொடுவதில்லை. சித்திரைப் புத்தாண்டுக் கிழமையையும் தொடுவதில்லை. அறைக்குப் பாதி வாடகையாவது கட்டுகிறோம். காசு கட்டினால்தான் தண்ணீர் வரவில்லை என்று உரிமையோடு சொல்லலாம், நோயாளிப் பிள்ளையின் தாய் தர்மத்துக்கு வந்தவளாகக் கூசி நிற்கத் தேவையில்லை.

பிறகு ஹோட்டல் அறைகளையும் மெல்லக் கைவிட்டோம். காரணம் ஒரு கெக்கிராவைத் தாய். மூன்று நேரமும் நல்ல சாப்பாடு வந்தது. அவள் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டாம் நாள் என்னிடம் சிங்களத்தில் கேட்டாள், "மிஸ், குசினியைக் கொஞ்ச நேரம் தருவார்களா?" ஏழு மாதமாக அவள் ஒரு கறி சமைத்ததில்லை. வாட்டுச் சாப்பாடு, கடைப் பார்சல், யாரோ தானம் கொண்டுவந்த சோறு. புருஷனைச் சந்தைக்கு அனுப்பிப் பாரைமீன் வாங்குவித்தாள். தேங்காய் துருவினாள். மூத்த மகன் வெங்காயம் உரித்தான். நோயாளிப் பெண்பிள்ளைக்கு உப்புப் பார்க்கிற வேலை. அன்று அந்தக் குசினியில் நடந்தது போல ஒரு பேச்சும் சிரிப்பும் அதற்கு முன் கடற்கரையில் நடக்கவில்லை. அதன்பின் சமையலறையோடு கூடிய வீடுகளையே தேடுகிறோம்: உப்புவெளியில், அலஸ்தோட்டத்தில், நகரத்துக்குள் டச் பே பக்கம். இந்தியாவில் 2006இல் மும்பையில் தொடங்கிய செயின்ட் ஜூட் நிலையங்கள் பிறகு சென்னைக்கும் வந்தன. சிகிச்சைக்காக வெளியூரிலிருந்து வரும் குடும்பத்துக்கு அங்கே தங்க இடமும் தாயே சமைக்க அடுப்பும் கொடுக்கிறார்கள் என்று பிற்பாடு அறிந்தபோது, கெக்கிராவைத் தாய்தான் கண்முன் வந்தாள்.

சாப்பாட்டில் நாங்கள் வைக்கிற கட்டுப்பாடு சில மட்டும். கொதித்தாறிய தண்ணீர். வெட்டி வைத்த பழம் வாங்கக்கூடாது. தோடம்பழமும் வாழைப்பழமும் கையால் உரித்துச் சாப்பிடலாம். மீன் அன்று பிடித்தது, நன்றாக வெந்தது. சிறுநீரக நோயுள்ள பிள்ளைக்குக் கருவாடு கண்ணில் படக்கூடாது, ஏனென்றால் எங்கள் ஊர்க் கருவாட்டைக் கண்டு கைவைக்காமல் இருக்கிற பிள்ளையை நான் இன்னும் சந்திக்கவில்லை.

காய்ச்சலைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும். கீமோ எடுக்கிற பிள்ளைக்கு 38 பாகைக்கு மேல் காய்ச்சல் என்றால் அது அவசரம். பனடோல் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிற காய்ச்சல் அல்ல. ஒரு மணித்தியாலத்துக்குள் நரம்பில் அன்டிபயோட்டிக் ஏறவேண்டும். அதனால் ஒரு குடும்பம் வருகிறதென்றால் அதற்கு முந்திய கிழமையே திருகோணமலைப் பொது வைத்தியசாலையின் சிறுவர் பிரிவுக்குப் பிள்ளையின் பெயரும் மருந்து விபரமும் போய்விடும். தங்குமிடத்திலிருந்து அரை மணித்தியாலத்துக்குள் அங்கே போய்ச் சேரவேண்டும். குச்சவெளிக்கு அப்பால் எவ்வளவு அழகான கரை இருந்தாலும் நாங்கள் வீடு எடுப்பதில்லை. வானும் சாரதியும் இரவும் வாசலில் நிற்கவேண்டும்.

ஏற்பாடெல்லாம் சரி. ஆனால் காய்ச்சலைத் தாய் மறைத்தால்? அதுதான் ஒருமுறை நடந்தது. நிலாவெளியில் மூன்றாம் இரவு, வீட்டைப் பார்த்துப்போக வந்த நான் பிள்ளையின் கையைத் தொட்டேன். கொதித்தது. தாய் சுவரைப் பார்த்தபடி நின்றாள். பின்னேரமே தெரியும் அவளுக்கு. சொன்னால் எல்லாரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், மற்ற இரண்டு பிள்ளைகளும் அழும் என்று பயந்திருக்கிறாள். இரவோடிரவாக வாட்டில் சேர்த்தோம். நான்கு நாளில் தெளிந்தது. தாதியாக இருபது ஆண்டுக்கு மேல் வேலை செய்த பிறகும் எனக்கு அந்தப் பயம் புதுசாக இருந்தது. இப்போது வானிலிருந்து இறங்கியதும் முதல் பேச்சு அதுதான்: "காய்ச்சல் வந்தால் பயணம் ரத்தாகாது. தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரியில் இருக்கட்டும், மற்றவை இங்கேயே இருக்கட்டும். மிஞ்சின நாளுக்குப் பதிலாக வேறு திகதி தருவோம்." மறுதிகதிக்கென்று ஒவ்வொரு சீசனிலும் இரண்டு கிழமையை வெறுமையாக வைக்கிறோம். தெர்மோமீட்டர் தாயின் கையில். கொப்பியில் காலை மாலை எழுதுவது தகப்பனின் வேலை. அதற்குப் பிறகு யாரும் மறைத்ததாக நான் அறியவில்லை.

கடலைப் பற்றி வெளியூர்க்காரர் எங்களிடம் கேட்பது பெரும்பாலும் திமிங்கிலமும் புறாத்தீவும். திமிங்கிலம் பார்க்கப் போகும் படகு ஆழ்கடலில் பல மணித்தியாலம் வெயிலில் நிற்கும். எங்கள் பிள்ளைகளுக்கு அது வேண்டாம். புறாத்தீவு நிலாவெளியிலிருந்து ஒரு கிலோமீட்டர்தான், ஆனால் கரையெல்லாம் உடைந்த முருகைக்கல். பிளேட்லட் குறைந்த பிள்ளை அங்கே விழக்கூடாது. சில மருந்துகள் தோலை வெயிலுக்குப் பொறுக்காமல் செய்துவிடும். அதனால் காலை ஒன்பது மணிக்கு முன்னும் பின்னேரம் நான்குக்குப் பின்னும்தான் தண்ணீர். நெஞ்சில் குழாய் வெளியே தொங்குகிற பிள்ளை முழங்காலளவோடு நிற்கவேண்டும். சீனன்குடாப் பக்கம் விமானப்படை பராமரிக்கிற மாபிள் பீச் குடாவுக்குள் அடங்கி இருப்பதால் அலை இல்லை. சின்னஞ்சிறுசுகளை அங்கே கொண்டுபோவோம். பிரெட்றிக் கோட்டைக்குள் மான்களைப் பார்ப்பது எல்லாப் பிள்ளைக்கும் பிடிக்கும். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் பெரியவர்கள் மட்டும் போவார்கள். சனக்கூட்டமும் பொதுத் தண்ணீரும் பிள்ளைக்கு ஆகாது.

ஆனால் பிள்ளைகள் ஊருக்குப் போய் ஆண்டுக்கணக்கில் பேசுவது கரைவலையைப் பற்றித்தான். விடியற்காலை வள்ளம் அரைவட்டமாக வலையைப் போட்டுவர, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று இழுப்பார்கள். மடி கரைக்கு வர நேரமெடுக்கும். தசைச்சிதைவு நோயால் நடக்கமுடியாத ஒரு பையன் வந்திருந்தான், பதின்மூன்று வயது. சக்கரநாற்காலி மணலில் புதைந்தது. சம்மாட்டி இரண்டு பேரைக் கூப்பிட்டு, பிளாஸ்ரிக் கதிரையோடு அவனைத் தூக்கிக் கயிற்று வரிசையில் இருத்தினார். கயிறு அவன் மடிமேல் ஓடியது. கைக்குப் பெரிய பலம் இல்லை, பிடித்திருந்தான், அவ்வளவுதான். பக்கத்தில் அவனுடைய தம்பி. மடி வந்ததும் சூடையும் காரலும் கொஞ்சம் பாரையும் துள்ளின. பங்கு பிரிக்கும்போது சம்மாட்டி இரண்டு பொடியன்களுக்கும் தனித்தனிப் பங்கு வைத்தார். தகப்பன் வேண்டாமென்று கையெடுத்தார். "இழுத்தவனுக்குப் பங்கு. அது எங்கட வழக்கம், ஐயா" என்றார் சம்மாட்டி. அந்த இரண்டு பங்கையும் கிடுகுப் பெட்டியில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு அவன் வீடு வரை வந்தான். இப்போது அந்தக் கரையில் பலகைகளை வரிசையாகப் போட்டு நாற்காலிக்குப் பாதை அமைக்கிறோம். பலகை அந்தச் சம்மாட்டியின் வாடியில்தான் இருக்கிறது.

கிண்ணியாக் குடும்பங்களோடு இன்னொரு பாடம். சுனாமியில் உறவுகளைப் பறிகொடுத்த வீடுகள் அங்கே நிறைய. ஒரு உம்மா, கடற்கரை வீடு என்றதும் வரவே மறுத்தார். "கடல் சத்தம் கேட்டா எனக்கு நித்திரை வராது மிஸ்." அவர்களைக் கந்தளாய்க்கு அனுப்பினோம், குளக்கட்டில் நடந்து, குளத்து மீன் பொரித்து, நன்றாகத் தூங்கி எழும்பி வந்தார்கள். ஒரு குடும்பத்துக்கு எது ஓய்வு என்பதை அந்தக் குடும்பம்தான் சொல்லவேண்டும். எங்கள் முதல் இரண்டு மூன்று ஆண்டு நிகழ்ச்சி நிரல்களில் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் ஏதாவது இருந்தது. பார்த்தால் தாய்மார் முதல் நாள் முழுக்கத் தூங்குகிறார்கள். இப்போது திங்கட்கிழமைக்கு ஒன்றும் எழுதுவதில்லை.

கூடப் பிறந்த பிள்ளைகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நன்கொடைப் பெட்டிகள் வரும். பொம்மை, நிறப்பென்சில், சட்டை, எல்லாம் ஒரு பிள்ளையின் அளவில். ஒரு தம்பலகாமத்துச் சிறுமி, பதினொரு வயது, தம்பிக்கு வருத்தம் என்று தெரிந்த நாளிலிருந்து அம்மம்மாவோடு. வகுப்பில் பிள்ளைகள் அவளோடு தண்ணீர்ப் போத்தல் பகிர மறுத்திருக்கிறார்கள், தொற்றிவிடும் என்று. அவள் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. நாலாம் நாள் பின்னேரம் என்னோடு பாத்திரம் கழுவும்போது கேட்டாள்: "மிஸ், தம்பிக்கு இது நான் தள்ளிவிட்டதாலயா வந்தது?" எப்போதோ விளையாட்டில் தள்ளியிருக்கிறாள், அதற்குப் பின் அவனுக்குக் காலில் நீலத் தழும்பு தெரிந்திருக்கிறது. ஒன்றரை ஆண்டாக அதைச் சுமந்திருக்கிறாள். இரத்தப் புற்றுநோய் ஏன் தள்ளுப்பட்டால் வராது, நீலம் முதலே நோயால் வந்தது என்று அவளுக்கு விளங்கும்படி சொன்னேன். தாயையும் கூப்பிட்டுச் சொல்லச் செய்தேன். மறுநாள் காலை அவள் தம்பியோடு சண்டை பிடித்தாள். தகப்பன் அதட்டப் போனார். நான் விடுங்கள் என்றேன். அன்றிலிருந்து எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவு பரிசு, அல்லது ஒருவருக்கும் இல்லை. ஒருநாள் காலையில் தகப்பனோடு மூத்த பிள்ளைகள் மட்டும் எங்காவது போய் வருவார்கள், நோயாளிப் பிள்ளை இல்லாமல்.

நன்கொடை தருகிறவர்களைப் பற்றிப் பேசும்போது மனம் கனக்கும், நல்லவர்கள்தான் அதிகம். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பிறந்தநாளுக்கு, திவசத்துக்கு என்று அனுப்புகிறார்கள். எங்கள் கணக்கின் பாதி அது. ஆனால் படம் கேட்கிறார்கள். தலைமுடி இல்லாத பிள்ளை, கையில் பரிசு, பின்னால் பதாகை. ஒரு நிறுவனம் குடும்பம் முழுவதும் தங்கள் பெயர் போட்ட ரீசேர்ட்டோடு கடற்கரையில் நிற்கவேண்டும் என்றது. நாங்கள் மறுத்தோம், அந்த ஆண்டின் பெரிய தொகை போயிற்று. நான் அதற்கு வருந்தவில்லை. அந்தப் படம் ஊரில் ஒட்டப்பட்டால் பத்து வருடம் கழித்து அந்தப் பெண்பிள்ளைக்குக் கலியாணம் பேசும்போது யாரோ எடுத்துக் காட்டுவார்கள். குடும்பம் தங்கள் போனில் எடுக்கிற படம் அவர்களுக்கு. கொடுத்தவருக்கு நாங்கள் அனுப்புவது பற்றுச்சீட்டும், எத்தனை பேர் வந்தார்கள், எதற்கு எவ்வளவு செலவு என்ற ஒரு பக்கக் கணக்கும்.

படத்தைவிட வலிப்பது "கடைசி ஆசை" என்கிற பேச்சு. 1980இல் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில், பொலிஸ்காரனாக ஆசைப்பட்ட ஏழு வயதுப் பையனுக்கு ஒரு நாள் பொலிஸ் உடுப்புப் போட்டுவிட்டதிலிருந்து மேக்-ஏ-விஷ் பிறந்தது. அந்தப் பையன் பிழைக்கவில்லை. அந்தக் கதை உலகம் முழுக்கப் போனதால், இப்படி வருகிற பிள்ளை எல்லாம் சாகப்போகிற பிள்ளை என்று சனம் நினைக்கிறது. இன்று வசதியுள்ள நாடுகளில் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் குணமாகிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் முப்பதுக்கும் குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஒரு முயற்சியைத் தொடங்கி, 2030க்குள் உலகெங்கும் குறைந்தது அறுபதாக்கவேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. இடைவெளிக்குக் காரணங்களில் ஒன்று, சிகிச்சையைப் பாதியில் விடுவது. காசு தீர்ந்து, மற்றப் பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லாமல், களைத்துப்போய் விடுகிறார்கள். நான் வாட்டில் அதைக் கண்டிருக்கிறேன். ஐந்து நாள் ஓய்வு ஒரு தாயை அடுத்த ஆறு மாதத்துக்குக் கொண்டுசெல்லுமானால் அதுவும் சிகிச்சையின் பகுதிதான் என்று டொக்டர்மாரோடு வாதாடியிருக்கிறேன். இப்போது அவர்களே கடிதம் எழுதி அனுப்புகிறார்கள்.

பதுளைப் பையன் பிழைத்தான். சிகிச்சை முடிந்து முடி திரும்ப வளர்ந்த பிறகு மறுபடி வந்தார்கள், தங்கள் சொந்தக் காசில். தாய்க்கு ஒரு நேர்த்தி இருந்தது. பிள்ளை சுகமானால் மொட்டை போடுவதாக மாரியம்மனுக்கு வேண்டியிருக்கிறாள். பையன் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு அழுதான். அந்த முடிக்காக அவன் எவ்வளவு காத்திருந்தான் என்பது தாய்க்குத் தெரியும். தெய்வத்துக்குச் சொன்ன வாக்கும் பெரிது. கோணேசர் கோயிலுக்குப் போனபோது ஐயரிடம் கேட்டோம். அவர் பிள்ளையைப் பார்த்தார், பிறகு தாயைப் பார்த்துச் சொன்னார்: "அவன் ஏற்கனவே குடுத்திட்டான் அம்மா. இனி ஒரு கொத்து போதும்." தாய் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். ஊருக்குப் போய் ஒரு கொத்து மட்டும் வெட்டிக் கொடுத்தார்கள்.

இடையில் சோதனையான ஆண்டுகள். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு வெளிநாட்டவர் வரவு நின்றது. அறைகளெல்லாம் காலி, முன்பு முகம் சுளித்த ஹோட்டல்காரர்களே கூப்பிட்டுத் தந்தார்கள். ஆனால் முஸ்லிம் குடும்பங்கள் வீதிச் சோதனைக்குப் பயந்து பயணப்படவில்லை. அவர்களுக்காக நாங்களே வானில் போய் வந்தோம். 2020இல் கொரோனா. எங்கள் பிள்ளைகளுக்கு முகக்கவசமும் தனித்திருப்பதும் புதிதல்ல. ஊர் முழுவதும் அவர்களைப் போல இருக்கத் தொடங்கியது. 2022 எல்லாவற்றிலும் கொடியது. எரிபொருள் வரிசையில் வான்கள் நாள் கணக்கில் நின்றன. கியூஆர் அட்டையில் கிடைத்த பெட்ரோல் கிளினிக்குக்குப் போகவே போதாது. மருந்துத் தட்டுப்பாடும் வந்தது. அந்த ஆண்டு நாங்கள் ஒருவரையும் கடலுக்குக் கூட்டிவரவில்லை. இருந்த காசையெல்லாம் மகரகமைக்குப் போய்த் திரும்பும் பயணத்துக்கே கொடுத்தோம். குழுவில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. சிகிச்சைக்குப் போக முடியாத பிள்ளைக்குக் கடற்கரை எதற்கு என்பது என் கட்சி.

சில பிள்ளைகளுக்கு மருந்து நிறுத்தப்பட்ட பிறகு அழைப்பு வரும். அப்போது மேலே சொன்ன நாட்காட்டி ஒன்றும் செல்லாது. அமெரிக்காவில் ஹென்றி லாண்ட்வேர்த் என்கிற ஹோட்டல் முதலாளி, ஆறு வயதுச் சிறுமிக்கு அறை ஒதுக்கியிருந்தார். மற்ற ஏற்பாடுகள் பிந்தியதால் அவள் வருமுன்னே இறந்துபோனாள். அந்தத் துயரத்தில் 1986இல் அவர் தொடங்கியதுதான் கிவ் கிட்ஸ் த வேர்ல்ட். எங்களுக்கு அந்த வசதி இல்லை, ஆனால் அந்த அவசரம் விளங்கும். மோர்பின் பாணி எத்தனை மில்லி, எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்று கடிதம் வாங்குவது, இங்குள்ள டொக்டரிடம் பேசுவது, வீடு, வான், கீழ்த்தளத்தில் கட்டில்: இரண்டு நாளில் முடிப்போம். சீசன் பார்ப்பதில்லை. மார்கழி மழையிலும் வந்திருக்கிறார்கள். யன்னலைத் திறந்து வைத்துக் கடலைப் பார்த்தபடி இருந்திருக்கிறார்கள்.

பிள்ளை போனபின் அந்தக் குடும்பத்தோடு எங்களுக்கு என்ன தொடர்பு என்பதை நாங்கள் நெடுநாள் யோசிக்கவில்லை. கெக்கிராவையிலிருந்து அந்தத் தகப்பன்தான் போன் எடுத்தார். மகள் தவறி ஒரு வருடம். அதே வீடு கிடைக்குமா, வாடகை தானே கட்டுவதாகச் சொன்னார். மூத்த மகன் தங்கச்சியைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தையும் பேசுவதில்லையாம். அந்தக் குசினியைப் பற்றி மட்டும் ஒருநாள் கேட்டிருக்கிறான். எங்கள் விதிப்படி நோயாளிப் பிள்ளை உள்ள குடும்பத்துக்குத்தான் காசு. கூட்டத்தில் நிறைய வாக்குவாதம். காத்திருக்கிற குடும்பங்களின் பட்டியல் நீளமாக இருக்கும்போது இதற்கு இடம் கொடுப்பது நியாயமா என்று கேட்டவர்களின் கேள்வியும் சரியானதுதான். கடைசியில் ஓகஸ்ட் விடுமுறையில் ஒரு கிழமையைப் பிள்ளையை இழந்த குடும்பங்களுக்கென்று ஒதுக்கினோம். இரண்டு மூன்று குடும்பம் ஒன்றாக வரும். அவர்களுக்குள் நடக்கும் பேச்சை நாங்கள் ஒழுங்கு செய்வதில்லை. பெண்கள் தேங்காய் துருவும்போதும் ஆண்கள் மீன் வாங்கப் போகும்போதும் தானாக நடக்கிறது. அந்த மூத்த மகன் மூன்றாம் நாள் மற்றக் குடும்பத்துப் பொடியனிடம் தங்கச்சி எப்படி உப்புப் பார்த்தாள் என்று செய்து காட்டினான்.

பிள்ளையை இழந்தவர்களின் அந்தக் கிழமைக்கென்று வெளியாரிடம் காசு கேட்டால் கிடைப்பது கடினம். கொடுப்பவர் பிள்ளையைக் கேட்கிறார். ஆகவே முன்பு வந்துபோன குடும்பங்களிடம் கேட்கத் தொடங்கினோம். தோட்டத்திலிருந்து தேயிலை வருகிறது, மூதூரிலிருந்து அரிசி. கிண்ணியா உம்மா தயிர்ச் சட்டிகளை மகனின் ஓட்டோவில் ஏற்றி அனுப்புகிறார். காசாகக் கொடுப்பவர்கள் நூறு, ஐந்நூறு என்று போடுகிறார்கள். இந்த ஓகஸ்டுக்கு வெலிமடையிலிருந்து ஒரு மூடை உருளைக்கிழங்கு இப்போதே வந்து இறங்கிவிட்டது. வைக்க இடம் பார்க்கவேண்டும்.